தெர்மல் கேமராவுக்குச் சிலிக்கான் விண்டோ: வாங்குவது முதல் பொருத்துவது வரை

தெர்மல் கேமராவை மழை, தூசி, எண்ணெய்ப் புகை, உலைச் சூடு இவற்றிலிருந்து காக்க வேண்டும், படமும் கெடக்கூடாது என்றால் லென்சுக்கு முன்னால் விண்டோ எனப்படும் ஒரு மறைப்பு தேவை. சாதாரணக் கண்ணாடி அதற்கு உதவாது. தெர்மல் கேமரா பார்ப்பது அகச்சிவப்பை; சுமார் 4.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்துக்கு மேல் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய எதையுமே உள்ளே விடாது. கேமராவில் தெரிவது கண்ணாடியின் சூடும், அதில் பிரதிபலிக்கும் உங்கள் முகமும்தான். அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளும் அப்படியே. அகச்சிவப்பை விடும் பொருள்கள் சிலவே: ஜெர்மானியம், சிங்க் செலினைடு, கால்சியம் ஃப்ளோரைடு, சபையர், சிலிக்கான். இவற்றில் சிலிக்கான் மலிவு, எடை குறைவு, கடினம். ஆனால் எல்லாக் கேமராவுக்கும் அது பொருந்தாது. வாங்கிய பிறகு ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது முதல் படியில்தான்.

முதல் படி: கேமரா எந்த அலைநீளத்தில் பார்க்கிறது?

டேட்டாஷீட்டில் ‘ஸ்பெக்ட்ரல் ரேஞ்ச்’ என்ற வரியைத் தேடுங்கள். 3–5 மைக்ரான் அல்லது 8–14 மைக்ரான் என்று இருக்கும். கைபேசியில் செருகுவது, கையில் பிடித்து மின்பலகை பார்ப்பது, டிரோனில் பறப்பது, வாசலில் காவலுக்கு நிற்பது எல்லாம் பெரும்பாலும் 8–14. இவற்றில் இருப்பது குளிரூட்டத் தேவையில்லாத மைக்ரோபோலோமீட்டர் என்ற டிடெக்டர். 3–5 கேமராக்களில் வழக்கமாக இண்டியம் ஆன்டிமனைடு டிடெக்டரும், அதை 77 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கும் சிறு இயந்திரமும் இருக்கும்; ஆன் செய்தால் ஓர் இரைச்சல் கேட்கும். மீத்தேன் கசிவைப் படம்பிடிப்பவை, ஆய்வகங்களில் வேகமான நிகழ்வுகளைப் பார்ப்பவை இந்த வகை. டிடெக்டரை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தீச்சுவாலையை ஊடுருவிப் பார்க்க 3.9 மைக்ரான் ஃபில்டர் போட்ட உலைக் கேமராக்களில் மைக்ரோபோலோமீட்டர் உள்ளவையும் உண்டு. டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் எண்ணே முடிவு.

3–5 என்றால் சிலிக்கான் முதல் தேர்வு. அந்தப் பகுதியில் அது ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது; சில மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் இழப்பு தெரியாது. 8–14 என்றால் சிலிக்கான் ஒரு சமரசம். மெல்லியதாகவும் சரியான ரகமாகவும் இருந்தால் ஒப்பேறும், இல்லையென்றால் படம் மங்கும். பெரிய விண்டோ, துல்லியமான வெப்பநிலை, 8–14 கேமரா இந்த மூன்றும் ஒன்றாக வேண்டும் என்றால் சிலிக்கானை விட்டுவிட்டு ஜெர்மானியத்துக்கே போங்கள். 2023 ஆகஸ்டில் சீனா ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியதிலிருந்து அதன் விலை நன்றாக ஏறியிருக்கிறது. ஆனாலும் தவறான பொருளை இரண்டு முறை வாங்குவதைவிட அது மேல்.

தற்காலிகத் தூசி மறைப்பு மட்டும் போதும் என்றால் விண்டோவே வேண்டாம். மெல்லிய பாலிதீன் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினால் 8–14 கேமரா அதன் வழியே நன்றாகவே பார்க்கும்.

இரண்டாம் படி: எந்தச் சிலிக்கான்?

இரண்டு ரகங்கள் சந்தையில் கிடைக்கின்றன. சோக்ரால்ஸ்கி முறையில், குவார்ட்ஸ் பாத்திரத்தில் உருக்கி இழுத்து வளர்த்த படிகம் ஒன்று. பாத்திரமே இல்லாமல், கம்பியின் ஒரு பகுதியை மட்டும் உருக்கி நகர்த்திச் சுத்தமாக்கிய ஃப்ளோட் சோன் படிகம் மற்றொன்று. முதல் வகையில் குவார்ட்ஸிலிருந்து ஆக்சிஜன் கரைந்து உள்ளே போய்விடும். அந்த ஆக்சிஜன், சிலிக்கானோடு சேர்ந்து 9 மைக்ரான் அருகே அகச்சிவப்பை உறிஞ்சுகிறது. 1956-இல் கைசர், கெக், லாங்கே மூவரும் இதை வெளியிட்டார்கள். சிலிக்கானில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கத் தொழிற்சாலைகள் இன்றும் இதே உறிஞ்சுதல் பட்டையைத்தான் பயன்படுத்துகின்றன.

அவர்களுக்கு அது அளவுகோல், நமக்கு அது தலைவலி. ஒரு கன சென்டிமீட்டரில் 10¹⁸ ஆக்சிஜன் அணுக்கள் உள்ள சோக்ரால்ஸ்கி தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. தடிமனில், 9 மைக்ரானில் உள்ளே நுழைந்த ஒளியில் ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விடும். 5 மி.மீ. ஆனால் ஐந்தில் நான்கு பங்கு போகும். 3–5 கேமராவுக்கு இந்தப் பட்டையால் ஒரு பாதிப்பும் இல்லை; அதனால் அங்கே மலிவான சோக்ரால்ஸ்கியே போதும், ஃப்ளோட் சோனுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். 8–14 கேமராவுக்கு ஃப்ளோட் சோன் கேளுங்கள், தடிமனை 1 மி.மீ.-க்குள் வையுங்கள். சிலிக்கான் படிகத்தின் சொந்த அதிர்வுகளும் 8–14-இல் ஆங்காங்கே உறிஞ்சுகின்றன. ஆக்சிஜனை நீக்கினாலும் அவை போகாது. தடிமனைக் குறைப்பது ஒன்றே அதற்கு மருந்து. ஃப்ளிர் லெப்டான் போன்ற சின்ன 8–14 கேமராக்களின் லென்சே சிலிக்கான்தான்; மிக மெல்லியது என்பதால் அங்கே அது எடுபடுகிறது.

அடுத்து மின்தடைத்திறன். எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைக்கும் வேஃபர்கள் (மெல்லிய சிலிக்கான் வட்டத் தகடுகள்) பல, போரான், ஆர்சனிக் போன்றவை மிகுதியாகச் சேர்க்கப்பட்டவை, 0.02 ஓம்-செ.மீ.-க்கும் கீழே இருக்கும். அவற்றில் திரியும் மின்னூட்டங்கள் அகச்சிவப்பை விழுங்கிவிடும், அலைநீளம் கூடக் கூட இன்னும் மோசமாகும். கைக்கு வேஃபர், கேமராவுக்குச் சுவர். 5 ஓம்-செ.மீ.-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். 8–14-க்கு அதைவிடக் கூடுதலாக இருந்தால் நல்லது. படிகத் திசை 100 ஆனாலும் 111 ஆனாலும் ஒளிக்கு ஒன்றுதான். அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

முயன்று பார்க்க மட்டும் என்றால் இருபுறமும் மெருகேற்றிய 100 மி.மீ. ஃப்ளோட் சோன் வேஃபர் ஒன்று வாங்கலாம். தடிமன் அரை மில்லிமீட்டர் இருக்கும். ஒருபுறம் மட்டும் மெருகேற்றியது விலை குறைவு. அதன் சொரசொரப்பான முதுகு 8–14-இல் அதிகம் தொந்தரவு தராது, 3–5-இல் படத்தை மென்மையாக்கிவிடும். வேஃபரின் ஓரத்தில் வைர முனையால் ஒரு சின்னக் கீறல் போட்டு, கீறலுக்கு அடியில் ஒரு குண்டூசியை வைத்து இருபுறமும் மெல்ல அழுத்தினால் நேர்கோட்டில் உடையும். 100 திசை வேஃபர் சதுரமாகப் பிளக்கும், 111 வேஃபர் முக்கோணமாகப் போகும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிலிக்கான் சில்லு பிளேடு மாதிரி அறுக்கும்.

மூன்றாம் படி: கோட்டிங்

சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.42. இவ்வளவு உயர்ந்த எண் உள்ள பொருள், ஒவ்வொரு முகத்திலும் விழும் ஒளியில் 30 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். இரு முகங்களையும் உள்ளே நடக்கும் மறு பிரதிபலிப்புகளையும் கணக்கில் கொண்டால், கோட்டிங் இல்லாத தகடு அதிகபட்சம் 54 சதவீதமே விடும். பொருள் எவ்வளவு சுத்தமானாலும் இதைத் தாண்ட முடியாது. இருபுறமும் 3–5-க்கான ஏ.ஆர். கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் அடுக்கு) போட்டால் இது 95 சதவீதத்துக்கு மேல் போகும். ஒற்றை அடுக்குக் கோட்டிங்கின் கணக்கு எளிது: ஒளிவிலகல் எண் 3.42-இன் வர்க்கமூலம், அதாவது 1.85 அருகே இருக்க வேண்டும். தடிமன் கால் அலை. 4 மைக்ரானுக்கு அது 540 நானோமீட்டர். சிலிக்கான் மோனாக்சைடு இந்த எண்ணுக்கு அருகில் வருவதால் பழைய காலம் தொட்டே புழக்கத்தில் இருக்கிறது.

கோட்டிங் எந்த அலைநீளத்துக்கு என்பதை ஆர்டரில் எழுதாமல் விடாதீர்கள். 3–5 கோட்டிங் போட்ட விண்டோ 8–14 கேமராவுக்குப் பயன்படாது. ஆக்சைடு அடுக்குகள் 9–10 மைக்ரான் பக்கம் தாமே உறிஞ்சவும் செய்யும். மணல், உப்புக்காற்று, அடிக்கடி துடைப்பு உள்ள இடமென்றால் வெளிமுகத்துக்கு டி.எல்.சி. எனப்படும் வைரத்தன்மைக் கார்பன் அடுக்கு, உள்முகத்துக்கு ஏ.ஆர். என்று கேளுங்கள். மொத்தத்தில் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். சில சதவீதம் குறைந்தாலும் கீறல் விழாது. வெளியில் வைக்கும் எதற்கும் அந்தப் பேரம் லாபமே.

நான்காம் படி: அளவும் தடிமனும்

விட்டத்தைக் கண்மதிப்பில் எடுத்தால் படத்தின் மூலைகள் கறுக்கும். தேவையான திறப்பு = லென்சின் முன்விட்டம் + 2 × இடைவெளி × டான் (பார்வைக் கோணத்தில் பாதி). கோணம் மூலைவிட்டக் கோணமாக இருக்க வேண்டும். டேட்டாஷீட்டில் பெரும்பாலும் கிடைமட்டக் கோணம்தான் போட்டிருப்பார்கள், அது போதாது. லென்ஸ் 20 மி.மீ., இடைவெளி 10 மி.மீ., மூலைவிட்டக் கோணம் 60 டிகிரி என்றால் 31.5 மி.மீ. தேவை. விண்டோவின் விட்டத்தில் 90 சதவீதம்தான் தரம் உறுதி செய்யப்பட்ட பகுதி. எனவே 35 மி.மீ.-க்கு மேல் போகிறது. தயாராகக் கிடைக்கும் அளவுகளில் 38.1 மி.மீ. பொருந்தும். இடைவெளியை 10-லிருந்து 5 மி.மீ. ஆக்கினால் 25.8 மி.மீ. திறப்பு போதும். கேமராவை விண்டோவுக்கு நெருக்கமாகத் தள்ளுவதுதான் செலவைக் குறைக்கும் வழி.

இருபுறமும் ஒரே காற்றழுத்தம் என்றால் தடிமன் கையாளும் வசதிக்காக மட்டுமே, 25 மி.மீ. விட்டத்துக்கு 1 முதல் 2 மி.மீ. போதும். வெற்றிட அறை, அழுத்தக் கலம் என்றால் கணக்குப் போட்டே ஆக வேண்டும்:

தடிமன் = √(1.1 × அழுத்த வேறுபாடு × ஆரம்² × பாதுகாப்புக் காரணி ÷ முறிவுத் தாங்குதிறன்)

சிலிக்கானுக்கு 125 மெகாபாஸ்கல், பாதுகாப்புக் காரணி 4 என்று வைப்பது வழக்கம். ஆரம் என்பது தாங்கல் இல்லாத திறப்பின் ஆரம், தகட்டின் ஆரம் அல்ல. 25 மி.மீ. திறப்பு, ஒருபுறம் வெற்றிடம், மறுபுறம் வளிமண்டலம்: 0.75 மி.மீ. வரும். 50 மி.மீ. திறப்பென்றால் இரட்டிப்பாகி 1.5 மி.மீ. அழுத்த வேறுபாடு 1 மெகாபாஸ்கல், அதாவது 10 பார் ஆனால் 25 மி.மீ. திறப்புக்கே 2.35 மி.மீ. வேண்டும். இது மழுங்கிய, சில்லு பெயராத ஓரங்கள் உள்ள தகட்டுக்கான கணக்கு. ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்; பாதுகாப்புக் காரணி 4 அதற்கெல்லாம் ஈடு கொடுக்காது. அப்படிப்பட்ட தகட்டை அழுத்தத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஆர்டரில் எழுத வேண்டியவை இவ்வளவே: விட்டம் +0/−0.1 மி.மீ., தடிமன் ±0.1 மி.மீ., இரு முகங்களின் இணைத்தன்மை 3 ஆர்க்-நிமிடம், மேற்பரப்புத் தரம் (கீறல்-குழி அளவு) 60-40, ஓரம் 0.2–0.3 மி.மீ. அளவுக்கு 45 டிகிரியில் மழுக்கியது, ரகம், மின்தடைத்திறன், கோட்டிங்கின் அலைநீளம். இதற்கு மேல் 10-5 தரம், இன்னும் தட்டையான முகம் என்று கேட்பது தெர்மல் படத்தில் தெரியாத ஒன்றுக்குக் கொடுக்கும் விலை.

ஐந்தாம் படி: வந்ததைச் சோதிப்பது

சிலிக்கானும் ஜெர்மானியமும் பார்வைக்கு ஒரே மாதிரி சாம்பல் நிறக் கண்ணாடிகள். தராசில் வைத்தால் பிரிந்துவிடும். 25.4 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள சிலிக்கான் தகடு 3.5 கிராம், அதே அளவு ஜெர்மானியம் 8.1 கிராம். கோட்டிங் உள்ள முகம் சாய்த்துப் பார்த்தால் ஊதா, பச்சை, மஞ்சள் என்று ஏதாவது ஒரு சாயல் காட்டும். வெறும் முகம் நிறமற்ற எஃகுப் பளபளப்போடு இருக்கும். இரு முகத்தையும் பாருங்கள்; ஒருபுறம் மட்டும் கோட்டிங் போட்ட தகடு வருவது அரிதல்ல.

எவ்வளவு விடுகிறது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அதன் வெளிப்பக்கத்தில் கறுப்பு மின்காப்பு நாடாவை ஒட்டி, கேமராவின் எமிசிவிட்டியை (பரப்பின் உமிழ்திறனை) 0.95-இல் வையுங்கள். 8–14 கேமராவில் நேராகப் பார்த்தால் 97 டிகிரி, லென்சுக்கு முன் விண்டோவைப் பிடித்துப் பார்த்தால் 60 டிகிரி, அறை 30 டிகிரி என்று வருவதாகக் கொள்வோம். 30-ஐ 67-ஆல் வகுத்து 0.45 என்று முடிவு கட்டாதீர்கள். கேமரா உணர்வது டிகிரியை அல்ல, கதிர்வீச்சை. கெல்வினுக்கு மாற்றி நான்காம் அடுக்கில் கணக்கிடுங்கள்: (333⁴ − 303⁴) ÷ (370⁴ − 303⁴) = 0.375. அதாவது 37.5 சதவீதம். 3–5-இல் நான்காம் அடுக்கு செல்லாது, கதிர்வீச்சு அதைவிட மிகச் செங்குத்தாக ஏறும். அங்கே கேமரா தரும் மூல எண்ணிக்கைகளை எடுத்து இதே கழித்தல்-வகுத்தலைச் செய்யுங்கள்.

ஆறாம் படி: பொருத்துவது

கையுறை போட்டு, தகட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். உலோகம் நேரடியாகச் சிலிக்கானைத் தொடக்கூடாது. ஒருபுறம் ஓ-ரிங், மறுபுறம் டெஃப்லான் அல்லது மெல்லிய ரப்பர் வளையம், அதன் மேல் மறையுள்ள பிடிவளையம் என்பது நம்பகமான அமைப்பு. ஓ-ரிங் 20–25 சதவீதம் அமுங்கினால் போதும்; அதற்கு மேல் முறுக்கினால் இறுக்கம் அதிகரிக்காது, தகடுதான் வளையும். 100 டிகிரி வரை நைட்ரைல், 200 டிகிரி வரை வைட்டான். சிலிக்கான் விண்டோ 3–5-இல் 200 டிகிரிக்கு மேலும் வேலை செய்யும். ஜெர்மானியம் 100-ஐத் தாண்டினாலே மங்கத் தொடங்கும். உலைப் பக்கம் சிலிக்கானை விரும்புவதற்கு இதுவே காரணம். அங்கே முதலில் கைவிடுவது விண்டோ அல்ல, சீலும் கோட்டிங்கும்தான்.

சுற்றிலும் இடைவெளி விடுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் சுருங்கும், சிலிக்கான் 2.6 மைக்ரான் மட்டுமே. 50 மி.மீ. தகடு உள்ள அலுமினியச் சட்டம் 40 டிகிரி குளிர்ந்தால் விட்டத்தில் 0.04 மி.மீ. நெருக்கும். கச்சிதமாகச் செதுக்கிய சட்டத்தில் இது தகட்டை உடைக்கப் போதும். விட்டத்தில் 0.2 மி.மீ. விட்டுவிட்டால் கவலையில்லை. ஒட்டுவதென்றால் நியூட்ரல் வகை ஆர்.டி.வி. (அறை வெப்பநிலையிலேயே இறுகும்) சிலிகோன்; வினிகர் வாசனை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி முகத்தில் வெள்ளைப் படலமாகப் படியும்.

விண்டோவை லென்சுக்கு நேர் எதிராக வைத்தால் படத்தின் நடுவில் ஒரு கறை தோன்றும். குளிரூட்டிய கேமராவில் அது இருண்ட வட்டம்: டிடெக்டர் விண்டோவில் தன் குளிர்ந்த முகத்தையே பார்க்கிறது. குளிரூட்டாத கேமராவில் கேமராவின் சொந்தச் சூடு வெளிறிய திட்டாகத் தெரியும். விண்டோவை 5 முதல் 10 டிகிரி சாய்த்துவிடுங்கள். பிரதிபலிப்பு பக்கச் சுவருக்குப் போகும். அந்தச் சுவரை மங்கலான கறுப்பாக்கி ஒரே வெப்பநிலையில் வையுங்கள்.

உள்ளே ஈரம் இருந்தால் குளிர்ந்த இரவில் உள்முகத்தில் பனிக்கும். மெல்லிய நீர்ப்படலமே இரு அலைகளையும் மறைத்துவிடும். வறண்ட நைட்ரஜன் நிரப்பி மூடலாம், அல்லது சிலிகா ஜெல் பொட்டலம் வைக்கலாம். சிலிக்கான் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், ஓரத்தில் ஒரு சின்ன ஹீட்டர் வளையம் வைத்தாலே முழு முகமும் சில டிகிரி ஏறிவிடும்.

உயர் மின்னழுத்தப் பலகைகளின் கதவில் இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள். அங்கே ஆர்க் வெடிப்புக்குச் சோதித்துச் சான்றளித்த விண்டோ மட்டுமே பொருத்த வேண்டும். தவிர, சிலிக்கான் கண்ணுக்கு ஒளிபுகாது. உள்ளே எந்த பஸ்பார் (மின்கடத்திப் பட்டை) எங்கே என்று கண்ணால் பார்க்கவும் வழியில்லை.

ஏழாம் படி: கேமராவுக்குச் சொல்வது

வெப்பநிலை அளக்கும் கேமராக்களில் ‘எக்ஸ்டர்னல் ஆப்டிக்ஸ்’ என்ற தலைப்பில் இரண்டு எண்கள் கேட்கும்: விண்டோ எவ்வளவு விடுகிறது, அதன் வெப்பநிலை என்ன. முதலாவதற்கு மேலே அளந்த எண். இரண்டாவதில்தான் குழப்பம். மென்பொருளின் எண்ணம், விண்டோ விடாத பகுதியெல்லாம் விண்டோவின் சொந்த உமிழ்வு என்பது. 3–5-இல் சிலிக்கானுக்கு இது தவறு. கோட்டிங் இல்லாத தகடு விடாத 46 சதவீதம் உறிஞ்சப்படுவதில்லை, பிரதிபலிக்கப்படுகிறது. கேமராவுக்கு அதிலிருந்து வருவது கேமரா இருக்கும் பக்கத்தின் கதிர்வீச்சு. எனவே விண்டோ 150 டிகிரியில் கொதித்தாலும் அந்தக் கட்டத்தில் போட வேண்டியது கேமராப் பெட்டியின் உள்வெப்பநிலை. 8–14-இல் உறிஞ்சுதலும் கலந்திருப்பதால் விண்டோவின் உண்மை வெப்பநிலையும் குறுக்கிடும்; அங்கே விண்டோவைப் பெட்டியின் வெப்பநிலையிலேயே வைத்துக்கொள்வதுதான் எளிய வழி. மாற்றிப் போட்ட பிறகு, தெரிந்த வெப்பநிலையுள்ள இரண்டு பொருள்களை, எடுத்துக்காட்டாக 40 டிகிரியிலும் 90 டிகிரியிலும், விண்டோ வழியே பார்த்துச் சரிபாருங்கள். ஒன்றில் மட்டும் பொருந்தினால் இரண்டு எண்களில் ஒன்று தவறு.

துடைப்பதைப் பற்றி: முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள், வாயால் அல்ல. பிறகு லென்ஸ் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, தாளைத் தகட்டின் மேல் பரப்பி ஒரே திசையில் மெல்ல இழுங்கள்; ஒரு தாளை ஒரு முறைதான். உலர்ந்த துணியால் தேய்த்தால் சிலிக்கானுக்கு ஒன்றும் ஆகாது, மேலே இருக்கும் ஏ.ஆர். அடுக்கு கீறிப் போகும். சூடான காரச் சோப்புக் கரைசல் சிலிக்கானையே அரிக்கும். டி.எல்.சி. முகத்தை மட்டும் ஓடும் நீரில் கழுவி ஈரத் துணியால் துடைக்கலாம்.